அக்கா மகன் திருடிவிட்டான். இது ரத்தத்தில் வந்ததா?

வாசகரின் கடிதம் (சுருக்கம்)

அக்காவின் இரண்டு மகன்களை வளர்த்து வரும் தாய்மாமன் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அக்கா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அக்கா கணவர் திருட்டு வழக்கிலும் அடிதடி வழக்கிலும் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறார். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 12. இளையவன் நன்றாகப் படிக்கிறான், சொன்ன பேச்சைக் கேட்கிறான். மூத்தவன் சின்ன வயதிலிருந்தே துறுதுறுப்பு, முன்கோபம். முகமும் நடையும் அப்பாவை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். போன மாதம் உடன்படிக்கும் பையனின் செல்போனைத் திருடி, அக்கம்பக்கத்தில் ‘அண்ணன்’ என்று எல்லாப் பையன்களும் கூப்பிடும் 22 வயது இளைஞன் ஒருவனிடம் விற்றுவிட்டான். பள்ளியில் கண்டுபிடித்துவிட்டார்கள். போலீஸ் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியது, வழக்குப் பதியவில்லை.

அன்று இரவு மாமா அவனைப் பெல்ட்டால் அடித்திருக்கிறார். பாட்டி எல்லோர் காதிலும் விழும்படி, “அப்பன் புத்தி தப்பாம வந்துருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பையைத்தான் சோதிக்கிறார்கள். வகுப்பில் அவனைத் தனியே உட்கார வைத்திருக்கிறார்கள். நண்பர்களின் பெற்றோர் “அவனோட சேராதே” என்று தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். இப்போது அவன் பெரும்பாலும் அந்த ‘அண்ணன்’ கூடத்தான் இருக்கிறான். போன வாரம் வீட்டில் கொஞ்சம் பணம் காணவில்லை. கேட்டபோது, “எப்படியும் நான் திருடன்தானே, இருந்துட்டுப் போறேன்” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டான். பணம் மறுநாள் மாமாவின் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

அவர் கேட்பவை இவை. இது ரத்தத்தில் வந்ததா? ஒரே வீட்டில் வளரும் இருவர் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள்? “ஒரு ராத்திரி ஸ்டேஷன்ல உட்கார வெச்சு லாக்கப்பைக் காட்டினா திருந்திடுவான்” என்கிறார் தெரிந்த போலீஸ் அதிகாரி ஒருவர், அப்படிச் செய்யலாமா? முரட்டுப் பையன்களைத் திருத்துவதாகச் சொல்லும் ஒரு விடுதியில் சேர்க்கலாமா? அப்பாவைச் சிறையில் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிடலாமா?

என் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பையன் கத்திய அந்த ஒரு வரியைத்தான். பதினைந்து வயதில் ஒருவன் தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வருவது செல்போன் திருட்டைவிடப் பெரிய விஷயம். ஆனால் அதை அவன் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான். கோபமாகவாவது உங்களிடம் பேசுகிறான், செய்யாத குற்றத்தைச் சுமத்தியபோது அவனுக்கு வலிக்கிறது. இந்த இரண்டையும் நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

திருட்டைச் சிறியதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. பொருளை இழந்த பிள்ளைக்கும் அவன் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்க வேண்டும், அதை உங்கள் அக்கா மகன்தான் செய்ய வேண்டும். எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்ட ஓர் எண்ணத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

ரத்தமா?

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, சார்னோஃப் மெட்னிக் குழுவினர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் தண்டனை பெறாத ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் தண்டனை பெற்றிருந்தார்கள். பெற்றவர் மட்டும் தண்டனை பெற்றவராக இருந்தபோது அது 20 சதவீதம். கூடுதல்தான். ஆனால் அந்த எண்ணை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள்: பெற்றவர் குற்றவாளியாக இருந்தும் நூற்றில் எண்பது பிள்ளைகள் தண்டனை பெறவில்லை.

பிறப்போடு வருவது திருட்டு அல்ல, சுபாவம். சிலருக்குப் பொறுமை குறைவு, சிலருக்குச் சட்டென்று கோபம் வரும், சிலருக்கு ஆபத்தில் ஒரு கிளர்ச்சி. அதே சுபாவம் ஒருவனைத் தீயணைப்பு வீரனாக்கலாம், இன்னொருவனைத் தெருச்சண்டைக்காரனாக்கலாம். எந்தப் பக்கம் போகிறான் என்பதில் அவனைச் சுற்றியுள்ளவர்கள் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், அவன் யாரைப் பார்த்து வளர்கிறான் என்ற இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

“ஒரே வீடு” என்கிறீர்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், ஆனால் ஒரே வீட்டில் வளரவில்லை. அப்பாவோடு அதிக வருடங்கள் இருந்தவன் மூத்தவன். சண்டையும் போலீஸ் வருகையும் அவனுக்கு நினைவிருக்கும். அம்மாவின் இழப்பும் அவனை வேறு வயதில் தாக்கியது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவன் முகத்தில் எல்லோரும் அவன் அப்பாவைப் பார்க்கிறீர்கள். தம்பி கோபப்பட்டால் “சின்னப் பிள்ளை”, அண்ணன் கோபப்பட்டால் “அப்பன் மாதிரி”. இந்த வேறுபாடு திருட்டுக்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

வயதையும் கணக்கில் எடுங்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் பணியாற்றிய டெர்ரி மொஃபிட் 1993-இல் இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டினார். மிகச் சின்ன வயதிலேயே முரட்டுத்தனம் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடரும் சிறு கூட்டம் ஒன்று. வளரிளம் பருவத்தில் மட்டும் விதிகளை மீறிவிட்டுப் பெரியவர்களானதும் விட்டுவிடும் பெருங்கூட்டம் இன்னொன்று. உங்கள் பையன் எந்த வகை என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டாம் வகைப் பையன்கள்கூட வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வது உண்டு என்று மொஃபிட்டே எழுதியிருக்கிறார். போலீஸ் பதிவு, போதைப் பழக்கம், படிப்பு நின்றுபோவது ஆகியவை அந்தக் கண்ணிகள். உங்கள் வேலை அந்தக் கண்ணிகளில் அவன் கால் சிக்காமல் பார்த்துக்கொள்வது.

பட்டம் கட்டினால் என்ன நடக்கிறது

‘திருடன்’ என்று பட்டம் கட்டுவதே ஒருவனை அந்தப் பக்கம் தள்ளும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் டானன்பாம் 1938-லேயே இதைக் கவனித்தார். ஒரு பையனின் கெட்ட செயலைப் பற்றி ஊரே பேசப் பேச, பேச்சு செயலிலிருந்து நகர்ந்து பையன் மீது போய் நிற்கிறது. “இவன் செய்தது தப்பு” என்பது “இவனே தப்பு” என்றாகிறது. சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்தார். முதல் மீறல் எந்தக் காரணத்துக்காகவும் நடக்கலாம்: ஆசை, வேடிக்கை, பணத் தேவை, நண்பனின் தூண்டுதல். அதற்குச் சமூகம் காட்டும் எதிர்ப்புக்கு ஈடுகொடுக்க, அந்த அடையாளத்தையே ஏற்றுக்கொண்டு செய்யும் மீறல்கள் இரண்டாம் கட்டம். “இருந்துட்டுப் போறேன்” என்று உங்கள் பையன் நிற்பது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வாசலில்.

பட்டம் எவ்வளவு பாரபட்சமானது என்பதற்கு வில்லியம் சாம்ப்ளிஸ் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எப்போதும் சொல்வேன். ஒரே பள்ளியில் இரண்டு கும்பல்கள். வசதியான வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர், ஏழை வீட்டுப் பையன்கள் ஆறு பேர். இரண்டு கும்பலும் வகுப்பை வெட்டின, குடித்தன, பொருள்களைச் சேதப்படுத்தின. வசதியான பையன்களிடம் கார் இருந்தது, தூரமாகப் போய்ச் செய்தார்கள், மாட்டினால் பணிவாகப் பேசினார்கள். அவர் கவனித்த இரண்டு ஆண்டுகளில் அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. மற்ற ஆறு பேர் அடிக்கடி போலீசில் மாட்டினார்கள், ‘உருப்படாதவர்கள்’ என்று ஊர் முடிவு கட்டியது. வளர்ந்த பிறகு வசதியான பையன்கள் ஏறக்குறைய அனைவரும் படித்து வேலைக்குப் போனார்கள். அந்த ஆறு பேரில் இருவர் விளையாட்டுத் திறமையால் கல்லூரிக்குப் போய் மேலே வந்தார்கள், இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். விளையாட்டு மைதானம் அந்த இருவருக்கு வேறொரு பெயரைக் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

லண்டனின் தென்பகுதியில் 1961-இல் தொடங்கி 411 சிறுவர்களைப் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து டேவிட் ஃபாரிங்டன் 1977-இல் ஒரு முடிவை வெளியிட்டார். முன்பு ஒரே அளவு தவறு செய்திருந்த பையன்களில், நீதிமன்றத்தில் தண்டனை பெற்று ஊரறிய ஆனவர்கள் அதன் பிறகு அதிகத் தவறுகள் செய்தார்கள், மாட்டாமல் தப்பியவர்களைவிட. ரோஸ் மட்சுயேதா 1992-இல் வீட்டுக்குள் பார்த்தார்: மற்றவர்கள் தன்னை விதி மீறுபவனாகப் பார்க்கிறார்கள் என்று பிள்ளை நம்பும்போது, அந்த நம்பிக்கையே அவனை மேலும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆகவே பாட்டி சொன்ன வார்த்தை போலீஸ் எச்சரிக்கையைவிட லேசானது என்று நினைக்காதீர்கள். போலீஸ்காரர் அவனை ஒரு மணி நேரம் பார்த்தவர். பாட்டி அவனைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர். அவர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் திருட்டுக்குத் ‘திருடன்’ என்ற பட்டம் காரணமல்ல; அந்தப் பட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பட்டம் கட்டப்பட்ட எல்லாப் பிள்ளைகளும் குற்றவாளியாவதில்லை. மாட்டிக்கொண்ட அவமானத்திலேயே நிறுத்திவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யார் சொன்னார்கள், எந்த வயதில், அந்தப் பட்டத்தைத் தவிர அவனுக்கு வேறு பெயர் இருக்கிறதா, பட்டத்தால் எத்தனை கதவுகள் மூடின என்பதைப் பொறுத்து விளைவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் பையனைப் பற்றிய என் கவலை இந்தக் கடைசி விஷயத்தில்தான். வகுப்பில் தனி இருக்கை, நண்பர்கள் விலகல், வீட்டில் பை சோதனை என்று மூன்று கதவுகள் ஒரே மாதத்தில் மூடிவிட்டன. திறந்திருப்பது ஒன்றுதான், அங்கே அந்த ‘அண்ணன்’ நிற்கிறான்.

அந்த ‘அண்ணன்’ கொடுப்பது என்ன

அவனைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் அவனுடைய கெட்ட குணங்கள். பையன் அவனிடம் என்ன பார்க்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

குற்றம் செய்யக் கற்பது பெரும்பாலும் நெருக்கமான சிறு வட்டத்துக்குள்தான் நடக்கிறது என்றார் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லண்ட். 1947-இல் அவர் முழுமையாக வகுத்துச் சொன்ன கோட்பாட்டின்படி, யாரோடு அடிக்கடி, எவ்வளவு காலம், எந்த வயதிலிருந்து, எவ்வளவு நெருக்கமாகப் பழகுகிறோம் என்பது கணக்கு. குற்றம் செய்யும் உத்திகளோடு சேர்த்து “இது ஒன்றும் தப்பில்லை” என்ற நியாயத்தையும் அங்கேதான் கற்கிறார்கள். டேனியல் கிளேசர் 1956-இல் இன்னொரு படி போனார். பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, அந்த ஆளாகத் தன்னை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஆள் நேரில் இருக்க வேண்டியதுகூட இல்லை, கற்பனையாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் திரியும் பத்துப் பையன்களில் இருவர் மட்டும் அந்த ‘அண்ணனை’ப் போல நடக்க ஆரம்பிப்பது இதனால்தான். அம்மாவை இழந்து, அப்பா சிறையில் இருக்க, வீட்டில் பெயர் கெட்டுப்போன ஒரு பையனைத் தோளில் கை போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நம்பி ஒரு வேலையைக் கொடுக்கிற ஆள் அவன். “அவன் கூடச் சேராதே” என்று மட்டும் சொன்னால், இருக்கும் ஒரே மரியாதையையும் விட்டுவிடச் சொல்வதாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1961-இல் 72 சிறு குழந்தைகளை வைத்துச் செய்தது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே வார்த்தைகளோடு செய்துகாட்டினார்கள். 1965-இல் அவர் செய்த அடுத்த சோதனை உங்களுக்கு இன்னும் முக்கியம். அடித்த பெரியவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்தார்கள். ஆனால் “செய்துகாட்டினால் பரிசு” என்றதும் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். அதாவது எல்லோருமே கற்றுக்கொண்டுவிட்டார்கள், தண்டனை அதை வெளியே வராமல் மட்டும் தடுத்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தின் நடுவே, இளையவனின் பொறுப்பைப் பாராட்டும் இடத்தில், “கடன்காரர் வந்தால் மாமா வீட்டில் இல்லை என்று அழகாகச் சொல்லி அனுப்பிவிடுவான்” என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்தவன் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். வசதிக்குத் தகுந்தபடி உண்மையை மாற்றலாம் என்றும், மாட்டாமல் செய்தால் பாராட்டு உண்டு என்றும் அந்த வீட்டில் இருவரும் கற்கிறார்கள். பெல்ட் அடியும் அப்படித்தான். கோபம் வந்தால் பெரியவர்கள் செய்வது இது என்று அவன் தன் அப்பாவிடம் ஏற்கெனவே ஒருமுறை படித்த பாடம் அது. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. இறந்துபோன அக்காவின் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிற மனிதர் நீங்கள். அவனுக்கு மிக அருகில் இருக்கும் ஆண் முன்மாதிரியும் நீங்கள்தான், அந்த ‘அண்ணன்’ அல்ல. அந்த இடத்தை நீங்கள் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்ட மூன்று வழிகள்

ஒரு ராத்திரி ஸ்டேஷன். தயவுசெய்து வேண்டாம். இது ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட யோசனை. 1970-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ரேவே சிறைக்குச் சிறுவர்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைக்கும் திட்டம் ஒன்று பிரபலமானது. பல இடங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். அந்தோணி பெட்ரோசினோ குழுவினர் இப்படிப்பட்ட ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட சிறுவர்கள், ஒன்றுமே செய்யாமல் விடப்பட்ட சிறுவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தது தெரிந்தது. அதே குழு 2010-இல் சுமார் 7,300 சிறுவர்கள் அடங்கிய 29 சோதனைகளைத் தொகுத்தது. முறையான வழக்கு நடவடிக்கைக்குள் இழுக்கப்பட்ட சிறுவர்களிடம் குற்றம் குறையவில்லை, கூடும் போக்கே இருந்தது. உங்களுக்கு உதவ நினைக்கும் அதிகாரியின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வழக்கு எதுவும் இல்லாத சிறுவனை இரவெல்லாம் காவலில் வைப்பது உரிமை மீறல். அந்த இரவுக்குப் பிறகு அவனுக்கு அந்த ‘அண்ணன்’ வட்டத்தில் மதிப்புத்தான் கூடும்.

திருத்தும் விடுதி. இதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆலோசனை, படிப்பு உதவி, கோடை முகாம் என்று பல ஆண்டுகள் நல்ல மனதோடு உதவினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களே சில அம்சங்களில் மோசமான நிலையில் இருந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம் பாதிப்பு அதிகம் என்று தெரியவந்தது. சிக்கலான பிள்ளைகளை ஒன்றாகக் குவித்தால் ஒருவருக்கொருவர் கைதட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எல்லா விடுதிகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ‘திருத்துவது’ என்பதையே விளம்பரமாக வைத்திருக்கும் இடம், அவன் மேல் இன்னொரு முத்திரை குத்தும் இடம். அதைத் தவிருங்கள்.

அப்பாவைப் பார்ப்பது. இதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழும் குழந்தைக்கு, தன் நலனுக்குக் கேடில்லாத வரை, அவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. சந்திப்பில் என்ன பேசுகிறார் என்பதுதான் கேள்வி. சிறை வாழ்க்கையை வீரக்கதையாகச் சொல்கிறார் என்றால், நீங்கள் கூடவே இருங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். “நான் செஞ்சது தப்பு, உங்கம்மா கூட இருக்க வேண்டிய வருஷங்களை இங்க தொலைச்சுட்டேன்” என்று சொல்லக்கூடிய மனிதர் என்றால், அதைவிடப் பெரிய பாடம் எந்த விடுதியிலும் கிடையாது. மூத்தவனின் விருப்பத்தையும் கேளுங்கள்.

அவனுடைய உரிமைகள்

வழக்குப் பதியாமல் எச்சரித்து அனுப்பியது அவனுக்கு நல்லது. பெயர் எந்தப் பதிவேட்டிலாவது ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் அதை யார் பார்க்கலாம் என்பதை, உங்கள் நாட்டின் சிறார் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இனி விசாரணைக்குக் கூப்பிட்டால் அவனைத் தனியே அனுப்பாதீர்கள்.

பள்ளியோடு பேசும்போது ஒரு விஷயம் உங்களுக்குக் கைகொடுக்கும். சிறார் குற்றத் தடுப்புக்காக ஐ.நா. 1990-இல் ஏற்றுக்கொண்ட ரியாத் வழிகாட்டு நெறிகள், ஒரு பிள்ளையைக் ‘குற்றவாளி’ என்றோ ‘குற்றவாளியாகப் போகிறவன்’ என்றோ முத்திரை குத்துவதே அந்த நடத்தை நிலைத்துப்போகப் பல நேரங்களில் காரணமாகிறது என்று சொல்கின்றன. வளரும் வயதின் மீறல்கள் பெரும்பாலானவர்களிடம் வயதோடு தானே மறைகின்றன என்றும் அவை சொல்கின்றன. சிறார் நீதி பற்றி ஐ.நா. 1985-இல் ஏற்றுக்கொண்ட பெய்ஜிங் விதிகளும், முத்திரையால் கேடு வரக் கூடாது என்பதற்காகவே சிறாரின் பெயரை வெளியிடக் கூடாது என்கின்றன. பள்ளி நிர்வாகத்திடம் சண்டைக்குப் போக வேண்டாம். நஷ்டத்தை ஈடுசெய்யும் திட்டத்தோடு போய், தனி இருக்கை எந்தத் தேதியோடு முடியும் என்று கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாத தண்டனையை ஏற்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது

ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-இல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். அவமானத்தால் ஒருவனை ஒதுக்கித் தள்ளலாம்; செயலைக் கண்டித்துவிட்டு அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம். முதலாவது குற்றத்தைக் கூட்டும், இரண்டாவது குறைக்கும் என்பது அவர் வாதம். உங்கள் வீட்டில் கண்டிப்பு நடந்துவிட்டது, சேர்த்துக்கொள்வது நடக்கவில்லை.

முதலில் உங்கள் கணக்கைத் தீருங்கள். காணாமல் போன பணம் உங்கள் சட்டைப் பையில் இருந்தது என்பதை அவனிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்காவிட்டால் இன்றே, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள். “பணம் என்கிட்டயே இருந்தது. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு.” அடித்ததற்கும் தனியே வருத்தம் தெரிவியுங்கள். பை சோதனையை நிறுத்துங்கள்.

அடுத்து, போனை இழந்த பையனின் வீட்டுக்கு நீங்களும் அவனும் சேர்ந்து போங்கள். முன்பே அவர்கள் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், கடிதம் எழுதட்டும். போனுக்கு உரிய தொகையை நீங்கள் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அவன் உங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உழைத்து அடைக்கட்டும். அப்போது அவன் பல சாக்குகள் சொல்வான். “அவங்ககிட்ட நிறைய இருக்கு, வேற வாங்கிப்பாங்க”, “எல்லாரும்தான் எடுக்கறாங்க, என்னை மட்டும் பிடிச்சுட்டீங்க.” குற்ற உணர்வைத் தணிக்க மனிதர்கள் இப்படி ஐந்து வகையான நியாயங்களைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று சைக்ஸ், மாட்ஸா என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1957-லேயே பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தச் சாக்கை விடாமல் பிடித்துப் பேசுங்கள். “அவனோட படமெல்லாம் அந்த போன்லதான் இருந்தது, அது எங்க திரும்ப வரும்?” என்று கேளுங்கள். ‘திருடன்’ என்ற சொல் மட்டும் வரக் கூடாது. கடைசித் தவணை அடைந்ததும் கணக்கு முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதன்பின் எந்தச் சண்டையிலும் அதை இழுக்காதீர்கள். பாட்டியிடமும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளை இழந்த துக்கமும் மருமகன் மேல் உள்ள கோபமும் அவரிடம் பேரன் மேல் திரும்பியிருக்கின்றன. அவரோடும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும்.

நல்ல பெயரும் வேலை செய்யும். 1975-இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த சோதனை இது. ஒரு வகுப்பிடம் “குப்பை போடாமல் இருங்கள்” என்று அறிவுரை சொன்னார்கள், இன்னொரு வகுப்பிடம் “நீங்கள் சுத்தமான பிள்ளைகள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அறிவுரை கேட்டவர்களைவிட இரண்டாம் வகுப்பினர் குப்பையைக் குறைவாகப் போட்டார்கள். ஆனால் பொய்யாகப் புகழாதீர்கள், 15 வயதுப் பையன் அதை நொடியில் கண்டுபிடித்துவிடுவான். உண்மையில் அவன் எதில் கெட்டிக்காரன்? உங்கள் கடிதத்தில் அதற்கும் பதில் இல்லை. கண்டுபிடியுங்கள். அந்த வேலையில் தேர்ந்த ஒரு பெரியவரை, பயிற்சியாளரோ மெக்கானிக்கோ ஆசிரியரோ, அவன் வாழ்க்கையில் கொண்டுவாருங்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

சின்ன வயதிலிருந்தே துறுதுறுப்பு, அவசரம் என்று எழுதியிருப்பதால், கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு (ADHD) இருக்கிறதா என்று குழந்தைகள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இருந்தால் சிகிச்சை உண்டு. ஆயுதம் வைத்திருப்பது, விலங்குகளையோ சிறு பிள்ளைகளையோ துன்புறுத்துவது, இரவில் வீடு திரும்பாமல் இருப்பது, போதை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

இளையவனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு பட்டம் கட்டியிருக்கிறீர்கள், ‘நல்லவன்’ என்று. நாளை அவன் ஒரு தப்பு செய்தால் உங்களிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வராது. அண்ணன் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்று அவனிடம் விசாரிக்காதீர்கள். அது அவனை உளவாளியாக்கும். கடன்காரரிடம் இனி நீங்களே போய்ப் பேசுங்கள். போன் விஷயமாக அந்த வீட்டுக்குப் போகும் நாளில் அவனைக் கூட்டிப்போக வேண்டாம். திரும்பி வந்த பிறகு அங்கே நடந்ததைத் தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மூத்தவனே முடிவு செய்துகொள்ளட்டும்.